பிரிக்காத பொட்டலம்

எனக்குப் பிறவியிலேயே சிரித்த முகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் பெரியப்பா காரியத்தன்று வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நிற்கிறான் பார் என்று திட்டி, என்னைப் புழக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் நான் பேசும்போது பல் தெரிந்தால் நீதிபதி ஐயா தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளுக்குள்ளும் எனக்குச் சந்தோஷம்தான், அது வேறு விஷயம். இப்படி ஒரு விசாரணையில் இத்தனை பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

பெயர் அரங்கசாமி. கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீசில் இருந்தேன். யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்று வாசல் கேட்டில் பார்த்துச் சொல்லும் வேலை. மில்லை மூடிய பிறகு, தொண்ணூற்று ஒன்றாம் ஆண்டில், இந்த ஆராய்ச்சி நிலையத்தில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கேயும் அதே வேலைதான். மில்லில் ஆட்கள் போனார்கள், இங்கே ஆட்களின் இரத்தத்தில் இருக்கும் விவரம் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆராய்ச்சி என்னவென்று ஐயாவுக்கு டாக்டர் ராமாமணி அம்மா என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார். அவர்தான் இதற்குத் தலைவர். இப்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் ஒரு தசை நோய் இருக்கிறது. பிள்ளை நன்றாகப் பிறக்கும், நன்றாக நடக்கும். நாலைந்து வயதில் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படும். பத்து வயதுக்குள் கால் நின்றுவிடும். அப்புறம் கை. அந்தக் குறை ஒருவர் உடம்பில் மறைந்து கிடந்தால் அவருக்கு ஒன்றும் செய்யாது. அப்படிப்பட்ட ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டால்தான் பிள்ளைக்கு வரும், அதுவும் நான்கில் ஒன்றுக்கு. வளர்ந்தவர்களில் யாரிடம் மறைந்து கிடக்கிறது என்பதை, குடும்பத்தாரோடு ஒப்பிட்டு, இரத்தத்தில் கூடவே வரும் சில அடையாளங்களை வைத்துச் சொல்லிவிடலாம், சரியான இடம்தான் தெரியாது. அது மரபணுவில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் நிலையமும், பெங்களூரில் ஒரு நிலையமும், இங்கிலாந்தில் ஒரு நிலையமும் கூட்டுச் சேர்ந்து விவரங்களைப் பகிர்ந்துகொண்டன. யாருக்கு எதைக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது என்று முடிவு செய்ய ஒரு அனுமதிக் குழு. அந்தக் குழுவுக்கு நான் செயலாளர்.

எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இரத்தம் கொடுத்துவிடுவார்களா? பெண் பார்க்கும்போது எந்தக் குலக் கூட்டம், என்ன குலதெய்வம், தோட்டத்துக் கிணற்றில் சித்திரையில் தண்ணீர் நிற்குமா என்பதுவரை துருவித் துருவிக் கேட்கிறவர்கள். இதில் இரத்தத்தையும் விசாரிக்க வழி கிடைத்துவிட்டால் பாதி வீட்டில் கல்யாணமே நடக்காது. அந்தப் பயத்தில் டாக்டர் அம்மா கூப்பிட்டும் யாரும் வரவில்லை. நான் போய் வீடு வீடாக உட்கார்ந்து மோர் குடித்து, உங்கள் விவரம் காதும் காதும் வைத்தாற்போல் இருக்கும், அதற்கு நான் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் வந்தார்கள். கம்ப்யூட்டரில் எண்ணும் இரத்த விவரமும் இருக்கும், பெயர் இருக்காது. எந்த எண் எவருடையது என்பது என் அறை பீரோவுக்குள் இருக்கும். பீரோச் சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டேன். துருப்பிடித்த இரும்போடு குடித்தனம் பண்ணுகிறேன் என்று என் சம்சாரம் சொல்வாள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தலைகால் புரியவில்லை ஐயா. மில்லில் என்னை ஒரு மேஸ்திரிகூட மதித்ததில்லை. இங்கே டெல்லியிலிருந்து பெரிய விஞ்ஞானி ஒருவர் பிளேனில் வந்து, என் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொஞ்சம் விவரம் கிடைக்குமா என்று கேட்டார். அவருக்கு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்தேன். பேரூர்க் கோயிலைச் சுற்றிக் காட்டினேன். விவரம் மட்டும் கொடுக்கவில்லை. வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது ஸ்கூட்டரில் சீட்டியடித்துக்கொண்டே வந்தேன். இங்கிலாந்துக்காரர்கள் ஃபேக்ஸ் மேல் ஃபேக்ஸாக அனுப்புவார்கள். நம்மிடம் இருக்கும் குடும்பமெல்லாம் மாமன் மகளைக் கட்டிய குடும்பம், உறவே இல்லாத இரண்டு ஊர் வழியாக நோய் வந்த ஒரு குடும்பம் கிடைத்தால் அந்த இடத்தை நெருங்கிவிடலாம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்று பதில் அனுப்புவேன். இல்லை என்று சொல்வதில்கூட எனக்கு ஒரு குஷி. நிலையத்தில் எனக்குப் பூட்டு அரங்கசாமி என்று பெயர் வைத்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள், எனக்குப் பட்டம் கட்டியது போல இருந்தது.

டாக்டர் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே ஒரு தடவைதான் அபிப்பிராய பேதம். இரத்தம் கொடுத்தவர்களே வந்து தங்கள் விவரத்தைக் கேட்டால் சொல்ல வேண்டும் என்று அவர் குழுவில் பேசினார். அவர்கள் உடம்பில் இருப்பதை அவர்களிடமே மறைக்க நாம் யார் என்றார். நான் எழுந்து நிதானமாகச் சொன்னேன். இன்றைக்கு அவர்களுக்குச் சொல்வோம். நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வந்து, உங்களுக்கு என்ன சொன்னார்கள் என்று அவர்களைக் கேட்பார்கள். சொல்லமாட்டேன் என்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? தெரிந்துகொள்ளவே முடியாது என்றிருந்தால்தான் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். ஐயாவே சொல்லுங்கள், இதில் என்ன தப்பு? குழுவும் என் பக்கமே சாய்ந்தது. எவர் விவரமும் எவருக்கும், கொடுத்தவருக்கும்கூட, தெரிவிக்கப்படாது என்று விதி எழுதினோம். அன்றைக்கு நிலையம் பூராவுக்கும் என் செலவில் ஜிலேபி.

அதற்கப்புறம்தான் செல்லாத்தாள் வந்தார். இரத்தம் கொடுத்தவர் பெயரை நான் சொல்லக்கூடாது. ஆனால் காலையில் அவரே எழுந்து தன் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்துவிட்டதால் நானும் சொல்கிறேன். அதோ, பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. அவருடைய மூத்த மகனுக்கு அந்த நோய். அப்போது அவனுக்குப் பதினாறு வயது, முகத்தில் ஈ உட்கார்ந்தால் ஓட்டக் கை வராது. இளையவள் பெண், தங்கமான பிள்ளை, அவள் பெயர் என் வாயில் வராது. காரமடைப் பக்கமிருந்து அவளுக்கு ஒரு நல்ல வரன் வந்திருந்தது. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, வேறு கூட்டம், வேறு ஊர். ஆனால் அந்த வீட்டுச் சொந்தத்திலும் நடக்காத பிள்ளை ஒன்று இருந்ததாக யாரோ இவர் காதில் போட்டுவிட்டார்கள். அந்த வீட்டாரும் எங்களிடம் இரத்தம் கொடுத்தவர்கள்தான்.

அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன். ஏனென்றால் அவ்வளவு சாமர்த்தியமாக என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை.

"ஏனுங்க, நீங்க வாயத் தொறக்க வேண்டாமுங்க. உங்க சட்டம் உங்களுக்கு. அந்த ஊட்டுக்குப் பொண்ணைக் குடுக்கலாமுன்னா அப்படியே உக்காந்திருங்க. வேண்டாமுன்னா எந்திரிச்சு வெளிய போயிருங்க. நான் புரிஞ்சுக்கறேனுங்க."

ஐயா, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்தால் ஒரு பதில், எழுந்தால் ஒரு பதில். இரண்டுமே விதிக்கு விரோதம். அந்த நிமிஷம்வரை எனக்குப் பதில் தெரியாது என்பது வேறு. நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, நாற்காலிக்கு ஒரு முழம் மேலே, உட்காரவும் இல்லாமல் எழவும் இல்லாமல் அந்தரத்தில் நின்றேன். நின்றபடியே விதியை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். தொடை நடுங்குகிறது, வேட்டி அவிழ்கிறது, சிரிப்பு வேறு பொத்துக்கொண்டு வருகிறது. அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்கே மனசு கேட்கவில்லை.

"காலு வலிக்குமுங்க. உக்காருங்க. நான் அம்மன்கிட்டயே பூவு கேட்டுக்கறேனுங்க."

அவர் போன பிறகு பீரோவைத் திறந்தேன். சாவி சரியாகத் திறக்கிறதா, எவராவது பெயரையும் எண்ணையும் சேர்த்துப் பார்த்துவிட முடியுமா என்று சோதிக்கத்தான். பாதுகாப்பு என்றால் அடிக்கடி சோதிக்க வேண்டும். பெண்ணின் எண்ணையும் மாப்பிள்ளையின் எண்ணையும் எடுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். இரண்டு பேரிடமும் அந்தக் குறை மறைந்து கிடந்தது. முடிந்துவிடுகிறது ஐயா, ஒருவர் மனசு வைத்தால் சேர்த்துப் பார்த்துவிட முடிகிறது. அந்த ஓட்டையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பூக் கேட்பது ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அவர்கள் ஊர்க் கோயிலில் இன்னும் இரண்டு கட்டுப்பாடு உண்டு. பொட்டலம் கட்டுகிறவர் இரண்டு வீட்டுக்கும் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருக்கக் கூடாது. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது, கட்டியவரே அதைக் கிணற்றில் போட்டுவிட வேண்டும். எனக்கு இதைக் கேட்டதும் புல்லரித்துப்போயிற்று. நாங்கள் மூன்று நிலையம் கூடி எழுதிய விதியை அந்த ஊர் எப்போதோ எழுதிவைத்துவிட்டது.

பொட்டலம் கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். செல்லாத்தாளே ஆள் அனுப்பினார். இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவரும் இல்லை, வேண்டியவரும் இல்லை, வாயைத் திறக்காதவர், அவரைவிட்டால் யார் என்றாராம். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? உக்கடம் தாண்டி ஸ்கூட்டரில் போகிறேன், பாலக்காட்டுக் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைக்கிறது, பையில் பூ வாசம். எதிரே வந்த மாட்டு வண்டிக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு போனேன்.

கோயில் கிணற்றடியில் உட்கார்ந்து இரண்டு பூவரச இலையை விரித்தேன். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன்.

பதற வேண்டாம் ஐயா, காரணத்தைக் கேளுங்கள். செல்லாத்தாள் என் ஆபீசுக்கு வந்துபோனது ஊருக்கே தெரியும். வந்துபோன கையோடு சிவப்பு வந்து சம்பந்தம் முறிந்தால் என்ன பேசுவார்கள்? அரங்கசாமி சொல்லிவிட்டான், பூ சும்மா கண்துடைப்பு என்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஊரெல்லாம் கெட்ட பெயர். அடுத்த வாரமே எல்லாக் கிராமமும் வந்து இரத்தத்தைத் திருப்பிக் கொடு என்று நிற்கும். டாக்டர் அம்மாவின் உழைப்பு அத்தனையும் போச்சு. ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு என்று வைத்து அதிர்ஷ்டத்துக்கு விட இது என்ன சூதாட்டமா? அப்படியானால் இரண்டிலும் சிவப்பு வைத்திருக்கலாமே என்று டாக்டர் அம்மா போன வாரம் என்னிடம் கத்தினார். வைத்திருக்கலாம்தான். ஆனால் அது தெரிந்ததைத் தெரிவிப்பது ஆகிவிடும். கொடுத்தவருக்கும் தெரிவிக்கப்படாது என்று நானே எழுதிய விதியை நானே மீறலாமா? வெள்ளையால் எந்த விவரமும் வெளியே போகவில்லை.

செல்லாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இரண்டு பொட்டலத்துக்கும் நடுவில் விரலை வைத்திருந்தார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. எதை எடுத்தால் என்ன அம்மணி, சீக்கிரம் எடுங்கள் என்று சொல்லத் தோன்றியது. எடுத்தார். பூசாரி பிரித்தார். வெள்ளை. அந்த அம்மா அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டு, எழுந்து என்னிடம் வந்தார்.

"அன்னிக்கே எனக்குப் பாதி புரிஞ்சுபோச்சுங்க. வேண்டாமுன்னு இருந்தா நீங்க முழுசா எந்திரிச்சிருப்பீங்க. நீங்க மகராசனா இருக்கோணும்."

மிச்சப் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டேன். நல்ல ஆழமான கிணறு.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எனக்கும் அந்தப் பெண் தங்கச்சி மாதிரி ஆகிவிட்டாள், காலில் விழுந்தபோது கண் கலங்கியது. பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். பாயசம் குடிக்கும்போதுதான் இங்கிலாந்துக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த குடும்பம் நினைவுக்கு வந்தது. உறவே இல்லாத இரண்டு ஊர். வாய்க்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. வாய்த்தால் வீணாகக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

வாய்த்தது. பேரனுக்கு நாலு வயதிருக்கும்போது, ஆடிப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கோலிக்குண்டு உருட்டிக்கொண்டிருந்தான். குண்டு என் பக்கம் உருண்டு வந்தது. எடுக்க எழுந்தவன் முதலில் நான்கு காலில் நின்றான், பிறகு முட்டியில் கை வைத்தான், தொடையில் கை வைத்தான், தன்மேலேயே ஏணி போட்டு ஏறுகிற மாதிரி ஏறி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். துக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன் ஐயா, இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. டைம் ஆபீசில் சம்பளப் பட்டுவாடா அன்று சங்கு ஊதும்போது இருக்குமே, அது.

இரத்தம் எடுக்கும்போது செல்லாத்தாள்தான் அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அழுகாத கண்ணு, இந்த மாமா யார்கிட்டயும் சொல்லமாட்டாரு" என்று அவன் காதில் சொன்னார். இவ்வளவு நம்பிக்கையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அந்த ஒரு குப்பி இரத்தம் வந்த பிறகு, பல வருஷமாகத் தேடிய இடம் அகப்பட்டுவிட்டது. இங்கிலாந்திலிருந்து ஃபோன் பண்ணிக் கைதட்டினார்கள், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு நாங்களும் தட்டினோம். டாக்டர் அம்மா மட்டும் தட்டவில்லை. இந்தப் பையன் யார், இவனுடைய அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே நம்மிடம் இரத்தம் கொடுத்தவர்களா, யாருக்காவது முன்னாலேயே தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நேரே செல்லாத்தாள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே பேச்சுவாக்கில் பூ விஷயமும் யார் கட்டியது என்பதும் வந்திருக்கிறது. திரும்பி வந்து என்னைக் கேட்டார். நான் உடனே சொல்லிவிட்டேன். அதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன், வாக்குமூலம் என்றால் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா. இங்கிலாந்துக்காரர்கள் கேட்ட அந்தக் குடும்பம் பந்தியில் நினைவுக்கு வந்ததாகச் சொன்னேன். பந்தியில் இல்லை. பூ மார்க்கெட்டில். பூக்காரி இரண்டு கூடையைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டாள். நான் செவ்வரளி வாங்கவே இல்லை.

இப்போது ஐயா கேட்பது அடுத்த விஷயம். அந்த வெள்ளை வந்த பிறகு எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர் பரவிவிட்டது. பூக் கட்ட வேண்டுமா, பூட்டு அரங்கசாமியைக் கூப்பிடு என்று பல ஊரிலிருந்து வந்தார்கள். நானும் போனேன். கூப்பிடும் இடத்துக்குப் போகாமல் இருந்தால் மரியாதையா? சில வீடுகள் இரத்தம் கொடுத்த வீடுகள். ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன்னால் பூட்டைச் சோதித்துவிட்டுத்தான் போவேன். என் கை கட்டிய பொட்டலத்தில் சிவப்பு வந்ததே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் அம்மா அழுதுகொண்டே கேட்கிறார். இடம் தெரிந்துவிட்டதால் இப்போது பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பார்த்துவிடலாமாம், தாய் தகப்பன் முடிவு செய்துகொள்ளலாமாம். ஆகவே நோய் வரக்கூடிய ஜோடி இன்னும் இருக்கிறதா, எந்த வீடு என்று நான் சொல்ல வேண்டுமாம். பீரோவைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம்தான். ஆனால் குழு அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது, குழு கூட மாதக் கணக்காகும், அதற்குள் எத்தனை வீட்டில் வளைகாப்பு நடக்குமோ. எனக்கு அத்தனையும் மனப்பாடம். ஆனால் விதி அப்படியே இருக்கிறது ஐயா, இன்னும் யாரும் அதை மாற்றவில்லை.

நீதிபதி ஐயா கெட்டிக்காரர். பெயர் சொல்ல வேண்டாம் அரங்கசாமி, வேறு எந்த ஜோடியும் இல்லை என்றால் உட்கார்ந்திரு, இருக்கிறது என்றால் எழுந்திரு, அது போதும் என்கிறார். இந்த யோசனையை ஐயாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் மேஜையில் கையை ஊன்றி இப்படி நிற்கிறேன். நாற்காலி ஒரு முழம் கீழே இருக்கிறது, தொடை நடுங்குகிறது, முகம் சிரிக்கிறது. இதுவரை என் வாயிலிருந்து ஒரு விவரமும் வெளியே போகவில்லை, அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். செல்லாத்தாள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். கால் வலிக்குமே, உட்காருங்கள் என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.